கஞ்சிமுறையும் பென்ஷனும்: கரிசல் சீமையில் முதுமையின் வரலாறு

கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கரிசல் காட்டில் முதியவர்களின் வாழ்வு நெடுங்காலம் மழையோடு கட்டுண்டு கிடந்தது. ஆற்றுப் பாசனம் இல்லாத மானாவாரிப் பூமி இது. ஆண்டுக்குச் சுமார் 700 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் வருவது. புரட்டாசிப் பட்டத்தில் விதைத்தால் தை, மாசியில் கம்பும் சோளமும் உளுந்தும் வீடு வரும். பருத்தி கோடை தொடங்கும் வரை காட்டில் நிற்கும். மழை தவறிய ஆண்டில் குலுக்கையில் தானியம் இறங்க இறங்க, உழைக்க முடியாதவரின் பங்குதான் முதலில் குறைந்தது. வயதானவர்களைப் பேணுவதற்கு இந்த வட்டாரம் செய்துகொண்ட ஏற்பாடுகளில் பெரும்பாலானவை, தானியத்தை எப்படிப் பங்கிடுவது என்ற கேள்வியிலிருந்து பிறந்தவை.

நிலம் உள்ள குடும்பங்களில் பாகப்பிரிவினையின்போதே பெற்றோருக்கென்று ஒரு காணியைச் சீவனாம்சமாக ஒதுக்கிவிடுவார்கள். அதை உழுகிற மகன் கிழவனுக்கும் கிழவிக்கும் வருசத் தானியம் அளக்க வேண்டும். பெற்றோர் காலமான பிறகு அந்தக் காணி மறுபடி பங்குக்கு வரும், அல்லது கடைசிவரை வைத்துப் பார்த்தவனுக்குப் போகும். ஒதுக்குவதற்கு நிலம் இல்லாத வீடுகளில் மகன்கள் முறை வைத்துக் கஞ்சி ஊற்றினார்கள்: மூத்தவன் வீட்டில் ஒரு மாதம், அடுத்தவன் வீட்டில் ஒரு மாதம். இந்த முறை பெற்றோரைப் பட்டினியிலிருந்து காத்தது உண்மை. ஆனால் மாதம் பிறந்ததும் பாயைச் சுருட்டிக்கொண்டு அடுத்த வீட்டுக்குப் போகிறவருக்குத் தன் வீடு என்று ஒன்று இல்லாமல் போனதும் அதே அளவு உண்மை. கணவனைவிட வயதில் மிக இளையவளாக மணமுடித்து வந்ததால், கடைசிக் காலத்தில் தனியாக எஞ்சியவர் பெரும்பாலும் பெண்தான். முறைக்கஞ்சியின் சுமையை அதிகம் அனுபவித்தவரும் அவரே.

பெண்கள் இதை முன்கூட்டியே அறிந்திருந்தார்கள். கோழி முட்டை விற்றும், ஆட்டுக்குட்டியை வாரத்துக்கு விட்டும், வீட்டுப் பருத்தியில் ஒரு படி தனியே எடுத்துவைத்தும் அவர்கள் சேர்த்த சிறுவாடு, குடும்பக் கணக்கில் வராத பணம். காது வளர்த்த பெண்கள் அணிந்த பாம்படம் இன்னும் உறுதியான கைமுதல். நிலம் ஆண்மக்களுக்குப் போகும் சமூகத்தில் பாம்படம் அவளுடைய சொந்தச் சொத்து. நோய்க்கு வைத்தியம் பார்க்கவும், பேத்தி கல்யாணத்துக்குக் கொடுக்கவும், தன் சாவுச் செலவைத் தானே ஏற்கவும் அது உதவியது. பாம்படம் கனக்கும் காது உள்ள கிழவிக்கு மருமகள் வீட்டில் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. அதை விற்றுத் தீர்த்தவளின் நிலை வேறு.

சோற்றுக்கு அடுத்தபடி வேலை. கரிசல் விவசாயத்தில் வயதுக்கேற்ற வேலை எப்போதும் இருந்தது. ஏர் பிடிக்க முடியாதவர் கதிர்க்காட்டில் பரண் மேலிருந்து குருவி விரட்டினார், ஆட்டைப் பத்திக்கொண்டு போனார், கயிறு திரித்தார், களத்தில் காவல் இருந்தார். பெண்கள் பருத்தி ஆய்ந்தார்கள், உளுந்து புடைத்தார்கள், பேரப்பிள்ளைகளை வளர்த்தார்கள், பிரசவம் பார்த்தார்கள். விதை எடுப்பது முதியவர்களின் கையில் இருந்த பெரிய பொறுப்பு. எந்தக் கதிரை விதைக்கு நிறுத்துவது, சாம்பல் கலந்து எப்படிக் காப்பது, எந்த மேகத்தை நம்பி விதைப்பது என்பதெல்லாம் பல பருவங்களைக் கண்டவருக்கே தெரியும். ஒரு பட்டம் தவறினால் ஆண்டே தவறும் நிலத்தில் இந்த அறிவுக்கு மரியாதை இருந்தது இயல்பு. கூலிக் குடும்பங்களிலோ வயது ஓய்வைத் தரவே இல்லை. அறுவடை முடிந்த காட்டில் உதிர்ந்த கதிர் பொறுக்குவதும், செடியில் தங்கிப்போன பருத்தியைப் பறிப்பதும், சுள்ளி ஒடித்து விற்பதும் உடம்பு அசைகிற கடைசி நாள் வரை நடந்தன.

உணவும் இந்த நிலத்தின் உணவே. கம்மஞ்சோறு, சோளச்சோறு, குதிரைவாலிச்சோறு ஆகியவை வேலையாட்களுக்கு; பல் போனவர்களுக்குக் கம்பங்கூழும் கேப்பைக்கூழும் உளுந்தங்களியும். பருத்திக் கொட்டையை ஆட்டிப் பாலெடுத்துக் கருப்பட்டி சேர்த்துக் காய்ச்சும் பருத்திப்பால், சளிக்கும் சோர்வுக்கும் கைகண்டது என்று பெரியவர்களுக்குக் கொடுத்தார்கள். கோவில்பட்டியில் 1901-ஆம் ஆண்டிலேயே தொடங்கப்பட்ட வேளாண் ஆராய்ச்சி நிலையம் இந்த மானாவாரிப் பயிர்களிலேயே தன் உழைப்பைச் செலுத்தியது. ஆனால் தட்டில் ஏறியது வேறு. நியாயவிலைக் கடை அரிசி 2008-இல் கிலோ 1 ரூபாய்க்கும், 2011-இல் விலையில்லாமலும் கிடைத்தபோது, பஞ்சத்தின் பயம் ஏழை முதியவரின் வீட்டைவிட்டு உண்மையாகவே அகன்றது. அது சிறிய சாதனை அன்று. அதே காலத்தில் கம்பும் குதிரைவாலியும் அன்றாடச் சாப்பாட்டிலிருந்து விலகின. இன்று சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடும் பெரியவர்களுக்குச் சிறுதானியம் சாப்பிடச் சொல்லும் மருத்துவர், அவர்களுடைய இளமைக்கால உணவையே மருந்தாக எழுதித் தருகிறார்.

சோறும் வேலையும் போக, கரிசல் ஊர்களில் முதியவர்களுக்கு உட்கார இடம் இருந்தது. மந்தையும் சாவடியும் மடமும் வேப்பமரத்தடியும் வீட்டுத் திண்ணையும் பகல் முழுக்க அவர்களுடைய ஆட்சியில் இருந்தன. ஆடுபுலி ஆட்டம், வெற்றிலை, ஊர் வழக்கு, பழங்கதை எல்லாம் அங்கேதான். ஊருக்குள் யார் வந்தார், யார் போனார், எந்தப் பிள்ளை வெயிலில் சுற்றுகிறது என்று கவனிப்பதே ஒரு பொதுக் கடமையாக இருந்தது. பெண்களுக்கு இப்படி ஒரு பொது இடம் இல்லை. அவர்கள் கூடியது கிணற்றடியிலும் ஊருணிக் கரையிலும் கோயில் பிரகாரத்திலும். இந்தச் சித்திரத்தில் விடுபடக் கூடாத இன்னொரு உண்மை உண்டு. சாவடியும் திண்ணையும் எல்லாச் சாதிக்கும் திறந்திருக்கவில்லை. சேரியின் முதியவர் எண்பது வயதிலும் மேல்சாதித் தெருவில் நின்றுதான் பேச வேண்டியிருந்தது. அவரை வயதில் பேரனாக இருப்பவனும் ஒருமையில் அழைத்தான். முதுமைக்குக் கிடைத்த மரியாதையைச் சாதியின் வரம்புதான் தீர்மானித்தது. பழைய ஊர் வாழ்வைப் போற்றி எழுதுகிறவர்கள் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

அந்தத் திண்ணைப் பேச்சு எவ்வளவு பெரிய செல்வம் என்பதைத் தமிழுலகம் அறிந்தது கோவில்பட்டி அருகே உள்ள இடைசெவல் ஊரின் கி. ராஜநாராயணன் மூலம். விவசாயியாகவும் விவசாயிகள் இயக்கத்தில் ஈடுபட்டவராகவும் இருந்த அவர், முப்பது வயதைக் கடந்த பிறகே எழுத வந்தார். வட்டாரத்துக் கிழவர்களும் கிழவிகளும் சொன்ன கதைகளையும் சொல்வழக்குகளையும் சேர்த்தார். 1982-இல் வெளிவந்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி, தனி மனிதர் முயற்சியில் உருவான முன்னோடிப் பணி. பள்ளிப் படிப்பை முடிக்காத அவரைப் புதுவைப் பல்கலைக்கழகம் அறுபது வயதுக்கு மேல் நாட்டார் வழக்காற்றியல் பணிக்குப் பேராசிரியராக அழைத்துக்கொண்டது. 2021 மே 17 அன்று மறையும் காலம் வரை எழுதிக்கொண்டிருந்தார். அரசு மரியாதையுடன் இடைசெவலில் அடக்கம் நடந்தது. முதுமையில் மனம் எதனால் உயிர்ப்போடு இருக்கிறது என்ற கேள்விக்கு அவருடைய வாழ்வு ஒரு விடை. அவருக்குக் கதை சொன்ன பெயர் தெரியாத முதியவர்களின் வாழ்வு அதைவிடப் பெரிய விடை: கேட்க ஆள் இருந்ததால் அவர்களுக்குச் சொல்ல இருந்தது.

நிறைந்த வயதில் பேரன், பூட்டன் கண்டு இறப்பவரைக் கல்யாணச் சாவு என்று மேளத்தோடு வழியனுப்புவதும், பேரப்பிள்ளைகள் நெய்ப்பந்தம் பிடிப்பதும் இந்த மண்ணின் வழக்கம். அந்தப் பேறு எல்லோருக்கும் வாய்க்கவில்லை. 1876-இல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தில் கரிசல் பூமி கடுமையாக அடிபட்டது. எந்தப் பஞ்சத்திலும் போல, நடந்து பிழைக்கப் போக முடியாத குழந்தைகளும் முதியவர்களும் முதலில் விழுந்தார்கள். பஞ்சம் போன பிறகும் ஒரு கொடிய பழக்கம் தென்மாவட்டங்களின் வறண்ட பகுதிகளில் மறைவாகத் தொடர்ந்தது. படுக்கையில் கிடக்கும் முதியவரைக் குடும்பத்தாரே எண்ணெய்க் குளியல் என்ற பெயரில் சாகவிடும் தலைக்கூத்தல் அது. 2010-இல் விருதுநகர் மாவட்டத்தில் இது செய்தியாகி நாடெங்கும் அதிர்ச்சியை உண்டாக்கியது. மாவட்ட நிர்வாகம் விழிப்புணர்வுக்கும் கண்காணிப்புக்கும் இறங்கியது. 2018-ஆம் ஆண்டுக்கான சிறந்த தமிழ்ப் படத்துக்குரிய தேசிய விருது பெற்ற பாரம் இந்தப் பழக்கத்தையே கதையாகக் கொண்டது. சட்டப்படி இது கொலை. கருணை என்ற சொல்லைப் போர்த்தி இதைச் சிலர் நியாயப்படுத்துவதை ஏற்க இயலாது. ஆனால் தினக்கூலியை விட்டால் அடுப்பு எரியாத வீட்டில், படுத்த படுக்கையாகக் கிடப்பவரின் வலியைத் தணிக்க மருந்தோ, புண்ணைக் கழுவ ஆளோ இல்லாத நிலையிலிருந்துதான் இந்தப் பழக்கம் உயிர் வாழ்ந்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது.

கோவில்பட்டி ஊர் நகரமானது இருப்புப்பாதையால். மதுரையிலிருந்து தூத்துக்குடிக்கு 1876-இல் ரயில் ஓடத் தொடங்கியதும், கரிசல் பருத்தி துறைமுகத்துக்குப் போகும் வழியில் இவ்வூர் சந்தையாக வளர்ந்தது. 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் நூற்பாலை வந்தது. லாயல் மில், லட்சுமி மில் என்ற பெயர்கள் ஊரின் அடையாளமாயின. சிவகாசியின் அய்ய நாடாரும் சண்முக நாடாரும் 1920-களின் தொடக்கத்தில் கல்கத்தா சென்று கற்றுவந்த தீப்பெட்டித் தொழில், சில பத்தாண்டுகளில் சாத்தூர், கோவில்பட்டி, கழுகுமலை என்று பரவியது. மழை பொய்த்த காடுகளிலிருந்து குடும்பங்கள் மில்லுக்கும் தீப்பெட்டி ஆபீசுக்கும் வந்தன. அதோடு முதுமையின் பொருளும் மாறியது. காட்டில் கிழவர் மெல்ல மெல்ல ஓய்ந்தார். மில்லில் 58 வயது நிறைந்த நாளில் சங்கு அவருக்காக ஊதுவது நின்றது.

மில் தொழிலாளிக்கு அதற்கு ஈடாகச் சில உரிமைகள் கிடைத்தன. வருங்கால வைப்புநிதிச் சட்டம் 1952-இல் வந்தபோது முதலில் எடுத்துக்கொண்ட ஆறு தொழில்களில் நெசவாலையும் ஒன்று. 1972-இல் பணிக்கொடைச் சட்டம். 1995 நவம்பரில் தொழிலாளர் ஓய்வூதியத் திட்டம். அந்த ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை 2014-இல்தான் மாதம் 1,000 ரூபாயாக உறுதி செய்யப்பட்டது. முப்பது ஆண்டு பஞ்சுத் தூசியில் நின்றவருக்கு அது போதுமா என்று ஓய்வுபெற்றோர் சங்கங்கள் இன்றும் கேட்டுக்கொண்டிருக்கின்றன. ஓய்வுக்குப் பிறகும் ஆண்டுக்கு 120 ரூபாய் கட்டினால் ஈ.எஸ்.ஐ. மருத்துவம் கணவன், மனைவி இருவருக்கும் தொடரும் என்ற விதி, தெரிந்தவர்களுக்குப் பெரும் உதவி.

தீப்பெட்டித் தொழிலின் கதை வேறு. அதன் தொழிலாளிகளில் பெரும்பாலோர் பெண்கள், கூலி எண்ணிக்கைக்கு. மரச்சட்டத்தில் குச்சி அடுக்குவதும், பண்டல் கட்டுவதும் ஆபீசில். அடிப்பெட்டி, மேல்பெட்டி ஒட்டுவது வீட்டில். இந்த வீட்டு வேலைதான் கோவில்பட்டித் தெருக்களின் வயதான பெண்களுக்குப் பல பத்தாண்டுகள் சோறு போட்டது. பசைக் கிண்ணத்தைச் சுற்றி நான்கு வீட்டுக் கிழவிகள் உட்கார்ந்து ஒட்டிக்கொண்டே பேசினார்கள். வெற்றிலைச் செலவுக்கு யாரிடமும் கை நீட்ட வேண்டியதில்லை. கூலி மிகக் குறைவு, முதுகுவலி நிச்சயம், வைப்புநிதி கிடையாது. குழந்தைகளின் உழைப்பும் இதே வீடுகளில் கலந்திருந்தது என்பது தொழிலின் மாறாக் கறை. ஆனாலும் வயதான பெண்ணுக்கு நகரத்தில் வருமானமும் துணையும் ஒருசேரக் கொடுத்த கடைசி வேலை அதுவாக இருந்தது. இயந்திரங்கள் பெட்டி செய்யத் தொடங்கியபோது அந்த வேலை சுருங்கியது. இளம் பெண்கள் வேறு வேலைக்குப் போனார்கள். முதியவர்களுக்கு மாற்று எதுவும் வரவில்லை.

வைப்புநிதி இல்லாத முதியவர்களுக்காக அரசு இந்தக் கதைக்குள் நுழைந்தது 1962-இல். தொழில் நாடுகளில் முதியோர் காப்பீட்டை ஜெர்மனி 1889-இலும், முதியோர் ஓய்வூதியத்தைப் பிரிட்டன் 1908-இலும் தொடங்கியிருந்தன. சென்னை மாநிலத்தில் ஆதரவற்ற முதியோருக்கு மாதம் 20 ரூபாய் கொடுக்கும் திட்டம் 1962 ஏப்ரலில் வந்தது. கரிசலின் வடபகுதியில் உள்ள விருதுநகரைச் சேர்ந்த காமராசர் அப்போது முதலமைச்சர். ஆதரவற்ற விதவைகளுக்கு 1975-இலும், விவசாயக் கூலிகளுக்கு 1981-இலும் தனித் திட்டங்கள் சேர்ந்தன. 1983 சனவரியில் சத்துணவு முதியோர் ஓய்வூதியம் பெறுவோருக்கும் விரிந்தது. தட்டோடு பிள்ளைகள் வரும் மையத்துக்குக் கிழவிகளும் தூக்குச்சட்டியோடு வந்தார்கள். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் வேட்டி, சேலை. மத்திய அரசின் திட்டம் 1995 ஆகஸ்டு 15 அன்று, 65 வயதுக்கு மேற்பட்டோருக்கு மாதம் 75 ரூபாய் என்று தொடங்கியது. வயது வரம்பு 2011-இல் 60 ஆனது. மாநில அரசு தொகையை 2011-இல் 1,000 ரூபாயாகவும் 2023-இல் 1,200 ரூபாயாகவும் உயர்த்தியது.

இந்தப் பென்ஷன் மணியார்டராக வந்த காலத்தில் தபால்காரர் வாசலில் வந்து பெயர் சொல்லி அழைப்பார். கைநாட்டு வைத்து வாங்கும்போது வீட்டார் கண்முன்னே ஒரு தலைநிமிர்வு. முறைக்கஞ்சி வாங்கியவர் முதன்முதலாக வீட்டுச் செலவுக்குப் பணம் கொடுக்கிறவர் ஆனார். பாட்டியின் பென்ஷனுக்காகப் பாட்டியை வைத்துக்கொள்ள மகன்கள் போட்டியிட்ட வீடுகள் உண்டு; அந்தப் பணத்தைப் பறித்துக்கொண்ட வீடுகளும் உண்டு. வங்கி வழிக்கு மாறியபோது, தீக்குச்சியும் பசையும் மண்வெட்டியும் தேய்த்த விரல்களில் ரேகை பதியாமல் திரும்பியவர்கள் பலர். ஆதரவற்றவர் என்று நிரூபிக்கும் விதி இன்னொரு இடர். மகன் இருக்கிறான் என்ற காரணத்தால் விண்ணப்பம் நின்றுபோன தாய்மார்களில், அந்த மகனின் முகத்தைப் பல ஆண்டுகளாகப் பார்க்காதவர்கள் இருந்தார்கள்.

தூத்துக்குடி மாவட்டத்துக்கு 2008-இல் வந்த நூறு நாள் வேலைத் திட்டம், கிராமத்து முதியவர்களுக்குப் பழைய ஒழுங்கில் ஒரு பகுதியைத் திருப்பித் தந்தது. தண்ணீர் கொடுப்பது, வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகளைப் பார்ப்பது போன்ற இலகுவான வேலைகள் அவர்களுக்கு ஒதுக்கப்பட்டன. கண்மாய்க் கரையில் பகல் முழுக்கக் கூட்டாளிகளோடு இருக்க முடிந்தது. நகராட்சி எல்லைக்குள் குடியேறிவிட்ட முதியவருக்கு இந்த வேலை இல்லை. 2011 கணக்கெடுப்பில் ஏறத்தாழ 95 ஆயிரம் மக்கள் இருந்த கோவில்பட்டியில், காட்டை விட்டு வந்த தலைமுறை இப்போது முதுமை அடைந்திருக்கிறது. பிள்ளைகள் சென்னை, கோவை, திருப்பூர், பெங்களூர் என்று போய்விட்டார்கள். புதிய வீடுகளில் திண்ணை கிடையாது. வாசல் இரும்புக் கதவோடு முடிகிறது. சீவலப்பேரியிலிருந்து குழாயில் வரும் தாமிரபரணித் தண்ணீர் நெடுங்காலம் பல நாளுக்கு ஒருமுறைதான் வந்தது. குடம் தூக்க முடியாத வயதில் அது பெரும் துன்பம். உலக சுகாதார அமைப்பு 2007-இல் முதியோருக்கு இணக்கமான நகரங்கள் பற்றி வெளியிட்ட வழிகாட்டி, உட்கார இருக்கை, தடுக்காத நடைபாதை, பொதுக் கழிப்பறை, பேருந்து ஆகியவற்றை முதன்மையாகப் பேசுகிறது. கோவில்பட்டியில் இவற்றுள் பேருந்து மட்டும் ஓரளவு கைகூடியது. 2021 மே மாதம் முதல் சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மகள் வீட்டுக்கும் செண்பகவல்லி அம்மன் கோயிலுக்கும் அரசு மருத்துவமனைக்கும் வயதான பெண்கள் பிறர் தயவின்றிப் போய்வருகிறார்கள்.

2011-இல் தமிழ்நாட்டு மக்களில் 60 வயதுக்கு மேற்பட்டோர் 10.4 விழுக்காடு, நாட்டின் சராசரி 8.6. குடும்பம் சிறுத்து ஆயுள் நீண்ட மாநிலத்தில் இந்த விகிதம் இன்னும் ஏறும். பழைய பாகப்பிரிவினை வழக்கத்தின் இடத்தைச் சட்டம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பெற்றோரைப் பேணும் கடமையை 1956-ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்பு, பராமரிப்புச் சட்டமும், 1973-ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டமும் ஏற்றிருந்தன. ஆனால் அதற்கு நீதிமன்றப் படி ஏற வேண்டும். 2007-ஆம் ஆண்டின் பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டம் கோட்டாட்சியரிடமே மனுக் கொடுக்க வழி செய்தது. பராமரிப்பதாகச் சொல்லிச் சொத்தை எழுதி வாங்கிக் கைவிட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்ய அதன் 23-ஆம் பிரிவு இடம் தருகிறது.

மருத்துவத்தில் மாற்றம் சென்னையில் தொடங்கியது. 1978-இல் டாக்டர் வி.எஸ். நடராசன் சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் முதியோர் மருத்துவத் துறையைத் தொடங்கினார்; இந்தியாவில் அத்துறைக்கு அதுவே முதல் அடி. 2010-க்குப் பின் தேசியத் திட்டம் மாவட்ட மருத்துவமனைகளில் 10 படுக்கை கொண்ட முதியோர் வார்டை நெறிமுறையாக்கியது. 2021 ஆகஸ்டு 5 அன்று தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம், ரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்குமான மாத்திரைகளை வீட்டு வாசலுக்குக் கொண்டுவருகிறது. அதன் இன்னொரு பகுதி அதிகம் பேசப்படுவதில்லை. ஒவ்வொரு வட்டாரத்திலும் இயன்முறை மருத்துவரும் வலிதணிப்புச் செவிலியரும் வாகனத்தில் புறப்பட்டு, படுக்கையில் கிடப்பவரின் வீட்டுக்கே போகிறார்கள். படுக்கைப் புண்ணைக் கழுவிக் கட்டுகிறார்கள், சிறுநீர்க் குழாயை மாற்றுகிறார்கள், முடங்கிய கைகாலுக்குப் பயிற்சி கொடுக்கிறார்கள், அவற்றை எப்படிச் செய்வது என்று மருமகளுக்கும் மகளுக்கும் சொல்லித் தருகிறார்கள்.